பேபியைத் தூங்க வைத்த கதை

நம் தொழிலில் ஒரு விளக்குக்கு ‘பேபி’ என்று பெயர் வைத்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனைக் கையோடு அழைத்துப்போய் பாகூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, “அம்மா, அந்த ஆளு இவன்தான்” என்று காட்டிவிட்டு ஓடி வந்திருப்பேன். மிச்சத்தை அந்தம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

லைட்மேன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் மதகடிப்பட்டுக் கடைத்தெருவில் சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிறேன் என்பதற்காகப் பத்துப் பேர் சுற்றிக்கொண்டு, “சீஃப், ஏதாவது டெக்னிக் சொல்லிக் குடுங்க” என்கிறீர்கள். டெக்னிக் எல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. விரலால் தடவினால் வெளிச்சத்தின் நிறம் மாறுகிற காலத்தில் நான் என்ன சொல்லித்தருவது? போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பேசினால் டீக்காசு உங்கள் தலையில்.

பேபி என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குண்டு பல்ப் போட்டு, முன்னால் தடித்த கண்ணாடி வைத்த பழைய இரும்பு விளக்கு. இதைவிடப் பெரிய அண்ணன்மார் உண்டு. இது சின்னதாக, ஒரு ஆள் தூக்குகிற மாதிரி இருப்பதால் பேபி. எல்.இ.டி. வந்த பிறகும் எங்கள் யூனிட் வண்டியிலிருந்து அதை நான் தூக்கிப்போட விடவில்லை.

ஒரு டிவி சீரியல். கதாநாயகியின் பிறந்த வீடு கிராமத்தில் இருக்கவேண்டும் என்று டைரக்டர் கேட்டதால், மேனேஜர் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்திருந்தார். வீட்டுக்காரர் கஸ்தூரியம்மா. நெல்லும் கரும்புமாகத் தனியாளாக விவசாயம் பார்க்கிறவர். டிராக்டர் ஓடும்போதே டிரைவருக்குக் கேட்கிற மாதிரி அதட்டுகிற குரல். வீட்டை ஷூட்டிங்குக்கு விடுவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. மகள் நித்யாதான் அடம்பிடித்தவள். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், நிறைமாதம். பொழுது போகாமல் அந்த சீரியலை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவள்.

“அந்த அக்கா நம்மூட்டுக்கே வராங்கன்னா வேணான்னு சொல்லுவியாம்மா?” என்று அவள் மூக்கை உறிஞ்சியதும் கஸ்தூரியம்மா இறங்கிவிட்டார். மேனேஜரிடம் ஒரே ஒரு கண்டிப்பு: “எங்கூட்ல அழுவாச்சி சீன் எடுக்கக் கூடாது.”

“சேச்சே, கலகலன்னு இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு மேனேஜர் வண்டியேறிப் போய்விட்டார். மேனேஜர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

காலையில் வாசலில் எடுக்கவேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு சாமி அறைக்குள் நுழைந்தோம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி உள்ளே இருட்டாக்கினோம். என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் செல்வம், ஸ்டாண்டு தூக்குகிறவன், கையில் வலு, வாயில் பூட்டு கிடையாது. இன்னொருவன் ஜெரால்டு, வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் தெருக்காரன், டேப்லெட்டை வைத்துக்கொண்டு எல்.இ.டி. பலகைகளை எல்லாம் ஆட்டிவைக்கிறவன். நித்யா படுத்திருந்த அறை எங்களுக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு சேலைத் திரைதான் தொங்கியது.

இப்போது நான் சொல்லப்போவதை அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

“டேய் செல்வம், பேபி கழுத்தத் திருப்புடா!”

“திருப்பிட்டன் சீஃப். மூஞ்சில துணி போட்டுடவா?”

“போடு. இறுக்கிக் கட்டு.”

“சூடு ஏறிப்போச்சு சீஃப், பேபி மேல கைய வைக்க முடியல.”

“அப்டியே தூக்கி உத்தரத்துல மாட்டிடு.”

அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். பல்ப் போய்விட்டது. செல்வம் வீடு அதிரக் கத்தினான்.

“சீஃப்! பேபி செத்துடுச்சு!”

“செத்தா போவுது, தூக்கி வெளிய போட்டுட்டு வேற பேபி எடுத்தாடா!” என்று அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன்.

திரை விலகியது. நாங்கள் விளக்குக்காரர்கள், அந்தம்மா விளக்குமாறோடு வந்தார்.

“எவன்டா அவன்? எங்கூட்டுக்குள்ள வந்து கொழந்த செத்துப்போச்சுன்னு கத்தனவன் எவன்டா?”

செல்வம் அப்பாவி. பேபியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். “இதாம்மா பேபி.”

அந்தம்மா அதை மேலும் கீழும் பார்த்தார். “இதுவா? இரும்புச் சட்டி மாதிரி கீது, இதுக்குப் பேரு கொழந்தையா? பெத்தவ பாத்தா ஊர வுட்டே ஓடிப்பூடுவா!”

யூனிட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்க வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விளக்குமாறு பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் நடுங்குகிற கை வேறு, பயத்தில் நடுங்குகிற கை வேறு. எத்தனையோ நடிகர்களுக்கு லைட் வைத்தவன் நான், எனக்கு வித்தியாசம் தெரியும். “எல்லாரும் வெளிய போய் டீ குடிங்கடா” என்று விரட்டிவிட்டு, அவர் பின்னாலேயே கொல்லைப்புறம் போனேன்.

வைக்கோல் போர் ஓரமாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “போன தடவ ஏழாம் மாசம்ணா. வளைகாப்பு அன்னிக்கு, குத்துவெளக்கு காத்துல அணைஞ்சிப்போச்சு. பந்தல்காரன் எவனோ, ‘யம்மோவ், வெளக்கு அணைஞ்சிடுச்சு’ன்னு தெருவுக்கே கேக்கறாப்ல கத்தனான். அந்த வாரமே வயித்துல இருந்தது போச்சு. டாக்டரம்மா, வெளக்குக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லன்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாதா? நானும் பள்ளிக்கூடம் போனவதான். ஆனா காதுல வுழுந்தா வயிறு கலங்குதே, அத இன்னா பண்ண சொல்ற?”

“இனிமே உங்க வீட்ல அந்த மாதிரி ஒரு வார்த்த வராதும்மா. வந்தா நானே பெட்டியக் கட்டிடறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

வந்தவனிடம் டைரக்டர் ரொம்பக் குஷியாக அடுத்த காட்சியைச் சொன்னார். “சீஃப், அக்கா சாமி கும்பிட்டுட்டு இருக்காங்க. திடீர்னு விளக்கு அணையுது. பெரிய குளோசப். புருஷனுக்கு ஏதோ ஆபத்துன்னு அக்கா பதறணும்.”

மறுநாள் சாயங்காலம் அந்த எபிசோட் டிவியில் வந்தாகவேண்டும். கதாநாயகி பொழுது சாய்வதற்குள் பெங்களூருக்குக் கிளம்பவேண்டும். வேறு வீடு தேட நேரமில்லை. திரும்பினால் கதவோரத்தில் கஸ்தூரியம்மா.

“வெளக்கு அணையுதா? எங்கூட்லயா?” என்றார். கத்தக்கூட இல்லை. “அண்ணே, பொட்டியக் கட்டுங்க.”

டைரக்டர் சின்ன வயசுக்காரர், முகம் செத்துப்… பார்த்தீர்களா, எனக்கே வாய்க்கு வருகிறது! முகம் வாடிப்போய் நின்றார். அந்த வேலை போனால் அவருக்கு அடுத்த வேலை இல்லை. ஒரு பக்கம் அவர் பிழைப்பு. இன்னொரு பக்கம், விளக்கு அணைந்தால் பிரசவம் முடிகிற வரைக்கும் கண்மூடப்போவதில்லை இந்தம்மா. இரண்டுக்கும் நடுவில் நான், தோளில் வயரோடு.

இந்த மாதிரி நேரத்தில்தான் நம்மாட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லுவார்கள். கிராபிக்ஸ் என்பான் ஒருவன். அந்தம்மா தூங்கும்போது எடுக்கலாம் என்பான் இன்னொருவன், படுபாவி. இப்படிப்பட்ட யோசனைகளுக்குக் காதை மூடிக்கொண்டு, நம் வேலை என்ன என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் வேலை வெளிச்சம்.

“சார், வெளக்கு போறத யாரு பாக்கறா?” என்று டைரக்டரைக் கேட்டேன்.

“அக்காதான்.”

“அப்ப அக்கா மூஞ்சியக் காட்டுங்க. அவங்க மூஞ்சில இருக்கற வெளிச்சம் போச்சுன்னா, வெளக்கு போச்சுன்னு வூட்ல பாக்கறவங்களுக்குப் புரியாதா? வெளக்கு பாட்டுக்கு கேமராவுக்கு இந்தப் பக்கம் நிம்மதியா எரியட்டும்.”

டைரக்டர் நகத்தைக் கடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கஸ்தூரியம்மா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. விளக்கை அவரே ஏற்றுவார், கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்து அவரே காவல் இருப்பார். அடுத்து வார்த்தைகளுக்கு வந்தார். அணை கூடாது. சாவு சம்பந்தமாக ஒன்றும் கூடாது. பீஸ் போச்சு கூடாது. லைட்டை நிறுத்த நாங்கள் சொல்கிற ‘கில்’ கூடாது.

“ஆஃப்னு சொல்லலாமாம்மா?” என்று ஜெரால்டு பணிவாகக் கேட்டான்.

“அய்ய! எங்க மச்சாண்டாரு போனப்ப அதான் சொன்னாங்க, ஆளு ஆஃபாயிட்டாருன்னு. அதுவும் கூடாது.”

டைரக்டர் மெல்ல, “கட்னு நான் சொல்லலாம் இல்ல?” என்றார்.

“வெட்டு குத்துல்லாம் இன்னாத்துக்கு? நல்ல வார்த்தையா சொல்லு. சுபம்னு சொல்லு.”

“சுபமா?”

“பழைய படம்லாம் அப்டிதான முடியும்? சொன்னா வாய் வலிக்குமா?”

வலிக்காது என்று டைரக்டர் ஒப்புக்கொண்டார். மிச்சமிருந்தது ஒன்றுதான். கதாநாயகி கண்மூடிக் கும்பிட்டுக் கண்ணைத் திறக்கிற அந்த நொடியில் வெளிச்சம் போகவேண்டும். அதற்கு நான் வாக்கிடாக்கியில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என்ன வார்த்தை?

“நாங்க வெளக்கு மலையேறுச்சுன்னுதான் சொல்லுவோம்” என்றார் கஸ்தூரியம்மா. “மலையேத்துன்னு சொல்லு. சாமி வார்த்த.”

நல்ல வார்த்தைதான். அணைக்கிறோம் என்று சொல்லாமல், விளக்கில் இருக்கிற சாமியை மலைக்கு அனுப்பிவைக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்வது. எனக்குத் தெரியும், செல்வத்துக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள்.

சின்ன எல்.இ.டி. பலகையை விளக்கு உயரத்துக்கு வைத்து, மஞ்சளாக மினுக்கவிட்டோம். செல்வம் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெரால்டு டேப்லெட்டோடு கூடத்தில். கஸ்தூரியம்மா அகல் விளக்கை ஏற்றிக் கேமராவின் காலடியில் வைத்து, பக்கத்தில் எண்ணெய்ப் பாத்திரத்தோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். கதாநாயகி கும்பிட்டார். கண்ணைத் திறந்தார்.

“மலையேத்து!” என்றேன்.

பெருமாளே! ஜெரால்டுக்குக் காதில் விழுந்தது ‘ஏத்து’. டிம்மர் வைத்திருப்பவனுக்கு ஏத்து என்றால் வெளிச்சத்தைக் கூட்டு என்று அர்த்தம். மலை என்று வேறு சொல்லியிருக்கிறேன், உச்சிக்கே கூட்டிவிட்டான். செல்வத்துக்கும் காதில் விழுந்தது ‘ஏத்து’. ஸ்டாண்டு பிடித்தவனுக்கு ஏத்து என்றால் உயரத்தைக் கூட்டு. பலகையை விர்ரென்று தலைக்கு மேலே தூக்கினான். கதாநாயகியின் முகத்தில் பளீரென்று சூரியன் உதித்து உச்சிக்குப் போய் நின்றது. புருஷனுக்கு ஆபத்து என்று பதறவேண்டிய அந்தப் பெண், கண் கூசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

“சு… சுபம்!” என்று டைரக்டர் அலறினார்.

சுபம் என்று கேட்டதும் வெளியே இருந்த சாப்பாட்டு ஆட்கள் படம் முடிந்தது என்று அண்டாக்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை நிறுத்த ஓர் ஆள் ஓடவேண்டியிருந்தது.

“ஏன்டா செல்வம், உங்கூட்ல வெளக்கு மலையேறுச்சுன்னு சொல்லமாட்டாங்களா?”

“சொல்லுவாங்க சீஃப். ஆனா கையில ஸ்டாண்டு இருக்கறப்ப, காதுல ஏத்துதான் வுழுவுது.”

“நீ இன்னாடா?”

“எங்கூட்ல மெழுகுவத்திதான் சீஃப்” என்றான் ஜெரால்டு. “ஊதிடுவோம்.” கஸ்தூரியம்மா பார்த்த பார்வையில் அவன் கூடத்துக்கே போய்விட்டான்.

சிரிக்காதீர்கள். அவன்கள் மேல் தப்பே இல்லை. அவசரத்தில் நம் காது வீட்டுத் தமிழைக் கேட்காது, தொழில் தமிழைத்தான் கேட்கும். என்றைக்கும் இதை மறக்காதீர்கள்: ஒரு வார்த்தையைச் சொன்னால், அது யார் காதில் விழுகிறது, அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

“அப்ப குளிர வைன்னு சொல்லு” என்றார் கஸ்தூரியம்மா. “அதுவும் வெளக்குக்கு சொல்றதுதான்.”

நேரம் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் வேறு போன் போட்டு, “முடிஞ்சுதா? கார் நிக்குது” என்று கத்திக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. சரி, குளிர வை என்றே வைத்துக்கொண்டு அடுத்த டேக் போனோம். கதாநாயகி கும்பிட்டார். கண்ணைத் திறந்தார்.

“குளிர வை!”

நிறம் மாற்றுகிற ஜெரால்டுக்குக் குளிர்ச்சி என்றால் நீலம். கதாநாயகியின் முகம் நீலமாகி, பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அது போகட்டும். செல்வம் என்ன செய்தான் தெரியுமா? விளக்கு சூடாகிவிட்டது போல, சீஃப் குளிர வைக்கச் சொல்கிறார் என்று, மூலையில் இருந்த பெரிய ஃபேனைத் தட்டிவிட்டான்.

காற்று நேராக அகல் விளக்கின் மேல் பாய்ந்தது.

சுடர் படுத்துவிட்டது. திரியின் நுனியில் ஒரு நீலப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கஸ்தூரியம்மா “அய்யோ என் பொண்ணே!” என்று அப்படியே குனிந்து, விளக்கைத் தன் உடம்பாலும் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். செல்வம் ஃபேன் வயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. அன்றைக்கு முழுசாகவே வேண்டிக்கொண்டேன். போய்விடாதே, போய்விடாதே.

பொட்டு கொஞ்சம் நிமிர்ந்தது. எண்ணெயைக் குடித்துத் தலையைத் தூக்கி நின்று எரிந்தது. கஸ்தூரியம்மாவின் உள்ளங்கையில் சுட்ட தடம் சிவப்பாகத் தெரிந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

“ஒன் மோர்?” என்று டைரக்டர் பயந்துகொண்டே கேட்டார்.

“இல்ல” என்றேன். “எல்லாரும் உக்காருங்க. யாரும் எதையும் தொடாதீங்க.”

மேனேஜர் போனில் கத்தியதை நான் காதில் வாங்கவில்லை. பதறிப்போன ஆட்களை வைத்துக்கொண்டு அடுத்த டேக் போகிறவன் லைட் சீஃப் இல்லை, தீயணைப்பு வண்டிக்கு வேலை வைக்கிறவன். அந்தக் கார் நின்றால் நிற்கட்டும்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு நித்யா வந்தாள். இடுப்பில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து ஊதிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“மாமா, எல்லாத்தையும் உள்ள இருந்து கேட்டுக்கினுதான் இருந்தன். சிரிச்சு சிரிச்சு இப்பவே வலி வந்துடும் போலக்கீது. மொதல்ல கத்துனீங்களே ஒரு பேபி, அது இன்னும் இருக்குதா?”

“இருக்கும்மா. வேற பல்ப் போட்டு வெச்சிருக்கு.”

“அத எடுத்தாந்து தூங்க வையுங்களேன். கொழந்தைய தூங்க வைக்கறதுக்கு எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இல்லம்மா?”

கஸ்தூரியம்மா மகளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். “தூங்க வைக்கறது நல்ல வார்த்ததான்” என்றார்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் பேபிதான் அந்த வேலைக்குச் சரியான விளக்கு. குண்டு பல்ப் வெளிச்சம் குறையக் குறைய, எண்ணெய் வற்றிய சுடர் மாதிரியே சிவந்துகொண்டு போகும். பலகைக்கு அது வராது. அவசரத்தில் எனக்கே அது தோன்றவில்லை.

பேபியைக் கொண்டுவந்து வைத்தோம். கையால் திருகுகிற பழைய டிம்மரைச் செல்வத்திடம் கொடுத்தேன். அவன் பின்வாங்கினான்.

“நான் வேணாம் சீஃப். ரெண்டு தடவ கெடுத்துட்டன்.”

“உனக்கு வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குது இல்ல? யாரு தூங்க வைப்பா?”

“நான்தான். அவகிட்ட தூங்காதுங்க.”

“அப்ப இதையும் தூங்க வை.”

கதாநாயகி கும்பிட்டார். கண்ணைத் திறந்தார். நான் வாக்கிடாக்கியில் மெல்லச் சொன்னேன்.

“பேபிய தூங்க வை.”

செல்வம் டிம்மர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். வலது கையால் திருகினான், இடது கையால் பெட்டியை லேசாகத் தட்டிக்கொடுத்தான். உதடு ஏதோ முணுமுணுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆராரோ பாடிக்கொண்டிருந்தான். கதாநாயகியின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்லத் தணிந்தது. சிவந்தது. போய்விடும் என்று நாங்கள் நினைத்த நேரத்தில், பிள்ளைகள் தூங்கப்போகும்போது ஒருதரம் கண்ணைத் திறந்து பார்க்குமே, அந்த மாதிரி சட்டென்று ஒருமுறை எழும்பியது. செல்வம் தட்டினான். வெளிச்சம் அடங்கி, அடங்கி, இருட்டியது. அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு துளி நீர் மட்டும் மினுங்கியது. அது கேமராவுக்கு இந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்த கஸ்தூரியம்மாவின் விளக்கு.

டைரக்டர் வாயைப் பிளந்துகொண்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ்” என்றார் கஸ்தூரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “சுபம் சொல்லுய்யா.”

கிளம்பும்போது ஒரு பிடி உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பேபிக்கு மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். சுற்றி முடித்து அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். “இரும்புச் சட்டியா இருந்தாலும் சமத்து” என்றார்.

கதை இத்துடன் முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டுக்குப் போன் போடவில்லை. செல்வம்தான் கேட்டுக்கொண்டே இருப்பான். “சீஃப், அந்தப் பொண்ணுக்கு இன்னா பொறந்துதுன்னு ஒரு போன் போட்டுக் கேப்போமே?” “வேலையப் பாருடா” என்று எரிந்துவிழுவேன். உண்மையில் எனக்குப் பயம். அந்தம்மாவுக்கு வயிறு கலங்குகிற மாதிரி எனக்கும் கலங்க ஆரம்பித்திருந்தது. பேபி செத்தால் தூக்கி வெளியே போடு என்று கத்தியது என் வாய்தானே. ஏதாவது ஆகியிருந்தால் அதை எந்தக் காதால் கேட்பேன்?

சீரியல் நீண்டுகொண்டே போனது. சில மாதம் கழித்து, கதாநாயகி மறுபடியும் பிறந்த வீட்டுக்கு வருகிற மாதிரி கதை திரும்பியது. அதே வீடு என்றார் மேனேஜர். வழியெல்லாம் பேபியின் தலையில் அந்தக் குங்குமம் லேசாக ஒட்டிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நல்ல மத்தியானம். வண்டி வாசலில் நின்றது. வீட்டில் சத்தமே இல்லை. ஜன்னல் எல்லாம் சாத்தி, போன தடவை நாங்கள் கட்டிய கறுப்புத் துணி மாதிரி உள்ளேயிருந்து போர்வை தொங்கவிட்டிருந்தது. வாசல் கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே ஒரு லைட்டும் எரியவில்லை. துணி காய்கிற கொடியைப் பார்த்தேன், ஒரு சின்னத் துணிகூட இல்லை.

விவரமில்லாத ஜெரால்டு வண்டிக்கு மேலே நின்றுகொண்டு வழக்கம்போலக் கத்தினான்.

“சீஃப்! பேபிய எங்க வைக்கறது?”

கதவு படாரென்று திறந்தது. கஸ்தூரியம்மா. தலை கலைந்திருந்தது, கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. கையில் அதே விளக்குமாறு.

அவர் உதட்டில் விரலை வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அடித்தொண்டையில் சொன்னார்.

“எவன்டா அது கத்தறவன்? ராத்திரியெல்லாம் கண்ணு மூடல, இப்பதான் பேபிய ஆஃப் பண்ணிட்டு வந்து உக்காந்தன். எவனாவது ஆன் பண்ணீங்க, கில் பண்ணிப்புடுவன்!”

உள்ளே இருட்டில், காய்ந்து எடுத்துவைத்த சின்னத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில், உத்தரத்திலிருந்து தொங்கிய சேலைத் தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு, பேபியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நுனிக்காலில் உள்ளே போனான்.